சினிமா பார்த்து உடை எடுப்பது: எது தெருவுக்கு வருகிறது, எது திரையோடு நின்றுவிடுகிறது?

கோவை_கவி

‘96’ வெளியானது 2018 அக்டோபரில். அடுத்த மாதம் தீபாவளி. எங்கள் அலுவலகக் கொண்டாட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் குர்தா. நானும் ஒன்று எடுத்திருந்தேன். படத்தில் த்ரிஷா நடித்த ஜானு அந்த ஒரே குர்தாவையும் நீல ஜீன்ஸையும் போட்டுக்கொண்டுதான் இரவெல்லாம் சென்னையைச் சுற்றுகிறாள். மழையில் நனைந்ததும் ராமின் சட்டைக்கு மாறுகிறாள். பட்டு கிடையாது, நகை என்று சொல்ல எதுவும் கிடையாது.

2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. உடை வடிவமைப்பு ஏகா லகானி, நகைகள் ஹைதராபாத் கிஷன்தாஸ் கடையில் செய்தவை. அதிலும் த்ரிஷாதான் குந்தவை, அந்தக் கொண்டையைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் அதில் எதை நாம் எடுத்து உடுத்தினோம்? கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், நவராத்திரி கொலுவுக்குக் குழந்தைகளுக்கு வேஷம், கொஞ்சம் கோவில் நகை. அதோடு சரி.

உழைப்பும் செலவும் அங்கேதான் அதிகம். ஆனால் அலமாரிக்குள் வந்து உட்கார்ந்தது ஒரு சாதாரண குர்தா. இதை எப்படிப் புரிந்துகொள்வது? தைப்பவர்கள், விற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெறுமனே “த்ரிஷாவுக்கு எது போட்டாலும் அழகு” என்று எழுதாதீர்கள், அது எனக்கே தெரியும்.

புதுமண்டபம்_டெய்லர்

மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாகக் கிடந்த காலத்தில் தொழில் பழகியவன். என் அனுபவத்தில் இருப்பதைச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் கையில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று அளவு ஜாக்கெட். இன்னொன்று போனில் படம். இந்த இரண்டுக்கும் ஒத்தே போகாது. அளவு ஜாக்கெட் அவர்கள் உடம்பைச் சொல்லும், போனில் இருப்பது வேறொருத்தர் உடம்பு. நடுவில் நாங்கள் நிற்கிறோம். அதனால் எங்களால் தைரியமாக மாற்ற முடிவது இரண்டே இடம்: கழுத்து, கை. கழுத்தைப் படகு மாதிரி அகலமாக வெட்டு, பின்பக்கம் இறக்கு, நாடா வைத்துக் குஞ்சலம் தொங்கவிடு, கையை முழங்கை வரை இழு. இவ்வளவுக்குள் அடங்குகிற ஃபேஷன் என்றால் படம் வந்த மறு வாரமே மதுரை முழுக்க வந்துவிடும்.

அப்புறம் துணி. இது வெளியில் யாரும் பேசாத விஷயம். இப்போது சேலையோடு ஒட்டி வருகிற ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். ஒல்லியான பெண்ணுக்கு அதில் முழங்கைக் கை வரும். கொஞ்சம் சதைப்பற்று இருந்தால் குட்டைக் கைதான். பஃப் வைக்க வேண்டுமென்றால் கைக்கு அகலம் கூடுதலாக வேண்டும், சுருக்கம் பிடிக்க வேண்டுமே. முன்பெல்லாம் ஜாக்கெட் பிட் தனியாக ஒரு மீட்டர் கிழித்து வாங்கினார்கள், பஃப் கை தாராளமாக வந்தது. இப்போது சேலையில் கொடுத்திருக்கும் அளவு பார்த்துத்தான் ஃபேஷனே.

குர்தாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரெடிமேட், நாலு சைஸ், இடுப்பு இறுக்கம் கிடையாது. உங்கள் மஞ்சள் குர்தா அதனால்தான் ஓடியது. குந்தவை கட்டியிருப்பதை உங்களுக்கு யார் கட்டிவிடுவது? பஸ்ஸில் எப்படி ஏறுவது?

பழைய_ரீல்

டெய்லர் அண்ணன் சொல்வதற்கு எண்பது வருடத்துக்கு முந்தைய சாட்சி இருக்கிறது. தியாகராஜ பாகவதரிடம் பட்டு ஜிப்பா இருந்தது, வைரக் கடுக்கன் இருந்தது. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்தது. ரசிகன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது? பாகவதர் கிராப். பின்கழுத்து வரை முடி வளர்க்கக் காசு வேண்டாம். வைரக் கடுக்கனை எடுக்க முடிந்திருந்தால் அதையும் எடுத்திருப்பான்.

1985-க்கு வாருங்கள். ‘பூவே பூச்சூட வா’வில் நதியா அறிமுகம். அதுவரை படத்தில் பெரும்பாலும் சேலையோ தாவணியோ கட்டி நின்ற கதாநாயகிகளுக்கு நடுவில் இந்தப் பெண் துறுதுறுவென்று ஓடுகிறது, பெரிய பெரிய கம்மல் போடுகிறது. நதியா கம்மல், நதியா வளையல், நதியா கிளிப் என்று வளையல் கடைக்காரர்கள் கூவி விற்றார்கள். எங்கள் தெருவில் லேடீஸ் சைக்கிளுக்கே நதியா சைக்கிள் என்று பெயர். என் அக்காவுக்குப் பாவாடை தாவணியை விட்டு வெளியே வர வீட்டில் அனுமதி இல்லை. ஆனால் பிளாஸ்டிக் கம்மலை யார் தடுப்பது? தாவணிக்கு மேலே நதியா கம்மல் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கம்மலுக்கு என்ன சட்டம் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

இந்திக்காரர்களுக்கும் இதே கதைதான். 1960-ல் நடிகை சாதனா நெற்றியில் முடியை வெட்டிவிட்டுக்கொண்டு நடித்தார். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்து வெட்டியது. சாதனா கட் என்று இந்தியா முழுக்கப் பரவியது. ஒரு கத்தரிக்கோல் போதும்.

எதிர்க்கேள்வி

எல்லாரும் சினிமாவுக்கு ரொம்பப் பெருமை சேர்க்கிறீர்கள். குர்தாவும் ஜீன்ஸும் ‘96’ கொண்டுவந்ததா? அதற்குப் பல வருடம் முன்பே கல்லூரிப் பெண்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்தின் உடைக்காரர் அதைத் தெருவில் பார்த்துத்தான் ஜானுவுக்குப் போட்டிருப்பார். சென்னைக்கு வந்து இறங்கும் ஒரு நடுவயதுப் பெண் நிஜமாகவே அப்படித்தான் இருப்பாள். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ சேலைகளும் அப்படியே. 2010-ல் ஜெஸ்ஸி சேலை என்று கேட்டு வாங்கினார்கள். மெல்லிய சேலையும் அடக்கமான ரவிக்கையும் அலுவலகம் போகும் பெண்கள் அதற்கு முன்பே உடுத்தியவைதான். படத்தின் உடை வடிவமைப்பாளர் நளினி ஸ்ரீராம் அவற்றைத் தேர்ந்தெடுத்த விதம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடிப்பு இல்லை.

இந்த மாதிரி கதைகள் ஊதிப் பெரிதாவது உலக வழக்கம். 1934-ல் ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் ஒரு படத்தில் சட்டையைக் கழற்றினார், உள்ளே பனியன் இல்லை, உடனே அமெரிக்காவில் பனியன் விற்பனை படுத்துவிட்டது என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அதை நிரூபிக்கும் விற்பனைக் கணக்கை இதுவரை யாரும் காட்டவில்லை. அப்போது அங்கே பெரும் பொருளாதார மந்தம் வேறு. காசில்லாதவன் பனியன் வாங்காததற்கு ஹீரோவா காரணம்?

ஈரோட்டு_ஜவுளி

எதிர்க்கேள்வி பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், கடைக்குள்ளிருந்து.

எங்கள் பக்கம் திங்கள் இரவு ஆரம்பித்து செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தை. வெளியூர் வியாபாரிகள் மூட்டையாகக் கட்டிப்போவார்கள். தீபாவளிச் சரக்கை மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். அந்தத் தீபாவளிக்கு எந்தப் படம் ஓடும், அதில் கதாநாயகி எந்த நிறம் கட்டுவாள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் நடப்பது இதுதான்: சரக்கு முதலில் வரும், பெயர் பின்னால் வரும். சூரத்திலிருந்து இறங்கிய பிரிண்ட் சேலை பீரோவில் கிடக்கும். படம் ஹிட் என்று தெரிந்ததும் அட்டைப் பெட்டியில் நடிகை படத்தை ஒட்டிப் படத்தின் பெயரை வைப்பார்கள். ‘படையப்பா’ வந்த காலத்தில் அந்தப் பெயரில் விற்றதில் பாதி, படத்தில் வந்ததே இல்லை. வாங்கினவர்களுக்கும் அது தெரியும். “இது படத்துல எங்கம்மா வருது?” என்று ஒரு பாட்டி கேட்டார். விற்கிற பையன் “பாட்டுல வரும் பாட்டி, நீங்க கண் சிமிட்டியிருப்பீங்க” என்றான். சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்.

ஆகவே சினிமா உடையைக் கொடுக்காவிட்டாலும் கேட்பதற்கு ஒரு பெயரைக் கொடுக்கிறது. “அந்த மாதிரி கொஞ்சம் பளபளப்பா, ஆனா கனமில்லாம” என்று இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே வார்த்தையில் கேட்டுவிடலாம். கடைக்காரனுக்கு அரை மணி நேரப் புடவை உதறல் மிச்சம்.

இப்போது இதுவும் மாறிவிட்டது. டீசர் வந்த அன்றைக்கே ஸ்க்ரீன் ஷாட் சூரத்துக்குப் போய்விடுகிறது. படம் வருவதற்கு முன் நகல் வந்துவிடுகிறது. படம் ஓடாவிட்டால் நாங்கள் காலி.

ஏழரை_மணி_சீரியல்

யாருமே டிவியைப் பேசவில்லையே. என் அம்மாவுக்குச் சினிமா உடை எதுவும் ஒட்டியதில்லை. அவர் பார்த்தது தூர்தர்ஷனில் செய்தி வாசித்த ஷோபனா ரவியை. உலகத்தில் எந்தப் போர் நடந்தாலும் எங்கள் வீட்டில் முதல் பேச்சு “இன்னைக்கு என்ன சேலை?” என்பதுதான். அப்புறம் சன் டிவி வந்தது, பெப்ஸி உமா வந்தார். வாரா வாரம் ஒரு சேலை, ஒரு ரவிக்கை, ஒரு சிரிப்பு. அவர் ரவிக்கைக் கழுத்தைக் காகிதத்தில் வரைந்து தையல்காரரிடம் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். அப்போது நிறுத்திப் பார்க்க வழியில்லை, நிகழ்ச்சி முடிவதற்குள் வரைந்துவிட வேண்டும்.

சினிமா இரண்டரை மணி நேரம். சீரியல் தினமும், வருடக்கணக்கில். அதே முகம், அதே வீடு, அதே சோபா, புடவை மட்டும் தினம் ஒன்று. நம் கண் வேறு எதைப் பார்க்கும்? அதிலும் வில்லிகள்தான் நன்றாக உடுத்துவார்கள். நல்ல மருமகள் மெல்லிய பூப்போட்ட சேலை, சின்னப் பொட்டு. வில்லிக்கு நீளப் பொட்டு, பெரிய ஜிமிக்கி, முதுகில் ஆரி வேலை. கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது வில்லியுடையதைத்தான் காட்டுகிறோம், வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

இன்னொன்று, சீரியல் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஆடை உதவி என்று ஜவுளிக் கடை பெயர் வரும். அந்தச் சேலை கடையில் இருப்பதால்தான் கதாநாயகி உடம்புக்கு வருகிறது. நாம் சீரியலைப் பார்த்துக் கடைக்குப் போவதாக நினைக்கிறோம். கடைதான் சீரியல் வழியாக நம் வீட்டுக்குள் வந்து போகிறது.

கன்டினியுட்டி

சில படங்களில் உடைப் பிரிவில் உதவியாளாக இருந்திருக்கிறேன். வாங்கிப்போய்ப் போட்டுப் பார்த்து “படத்தில் மாதிரி இல்லையே” என்று வருந்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படத்தில் மாதிரி இருக்காது. திரையில் ஒரு சட்டை கச்சிதமாக உட்கார்ந்திருந்தால் பல நேரம் முதுகுப்பக்கம் கிளிப் போட்டுப் பிடித்திருப்போம், கேமரா முன்னால்தானே இருக்கிறது. சுத்த வெள்ளை விளக்கில் கண்ணைக் குத்தும் என்பதால் டீத்தண்ணீரில் முக்கி மங்க வைப்போம். நீங்கள் கடையில் வாங்கும் பளீர் வெள்ளை அந்த வெள்ளையே இல்லை. நிறமும் படப்பிடிப்புக்குப் பிறகு கணினியில் ஏற்றி இறக்கப்படுகிறது. திரையில் பார்த்த மஞ்சளைத் துணிக்கடையில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலையடிக்கும், அதைத் தவிர்ப்போம். பின்னணியைப் பச்சைத் திரையில் எடுத்தால் பச்சை உடையே கிடையாது. அதாவது உங்களுக்கு எது அழகு என்று யோசித்து எந்த உடையும் தேர்வாவதில்லை. கேமராவுக்கு எது தொந்தரவு தராது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரே உடையில் பல காட்சி என்றால் அதிலேயே இரண்டு மூன்று செட் தயார் செய்வோம். மழைக் காட்சி இருந்தால் இன்னும் கூடும். கசங்கிய இடத்தில் மறுநாளும் கசங்கியிருக்க வேண்டும், போட்டோ எடுத்து வைத்து ஒப்பிடுவோம். நாள் முழுக்கப் போட்டுக் களைத்த உடை மாதிரி ஒன்றை உருவாக்குவது பட்டுச் சேலை கட்டிவிடுவதைவிடக் கஷ்டம். அதற்கு யாரும் விருது தருவதில்லை. சரித்திரப் படம் என்றால்தான் நடுவர்களுக்கு உடை கண்ணில் படும்.

வெள்ளவத்தை_வாசி

எங்கட பக்கத்திலயும் இது இருக்கு. கொழும்பு வெள்ளவத்தையில சாறிக் கடைகளுக்குள்ள போனால் படப் பெயரும் சீரியல் பெயரும் சொல்லித்தான் கேட்கிறது. நாங்கள் சுடிதாரைப் பஞ்சாபி எண்டுதான் சொல்லுவம். எண்பதுகள், தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில படம் பாக்கிறதே பெரும்பாடு, மின்சாரம் இல்லாத காலத்தில ஜெனரேட்டர் பிடிச்சு, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடியிருந்து பாக்கும். நதியா ஃபேஷன் எங்களுக்கு அப்பிடித்தான் வந்தது, கொஞ்சம் பிந்தி. துணி கிடைக்காது, பழைய சாறியை வெட்டித்தான் தைக்கிறது. அதால எங்கட அக்காமாரின்ர ‘படச் சட்டை’ எல்லாம் நிறத்தில வேற, வெட்டில மட்டும் ஒண்டு.

கரைவேட்டி

பெண்கள் உடைதான் ஃபேஷன் என்று இந்த உரையாடல் இழை போகிறது. ஆண்கள் பக்கம் கொஞ்சம்.

2015-ல் ‘பிரேமம்’. ஓணத்துக்குக் கேரளக் கல்லூரிகளில் கறுப்புச் சட்டை, வெள்ளை முண்டு, கூலிங் கிளாஸ். வேட்டி வீட்டில் அப்பாவிடம் இருக்கிறது, கறுப்புச் சட்டை யாரிடமும் இருக்கும். செலவே இல்லாத சீருடை. நம் ஊரில் அதற்கு முந்தைய வருடம் பொங்கலுக்கு அஜித் ‘வீரம்’ படத்தில் வேட்டியோடு வந்தார். அதே வருடம் ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. சட்டசபையில் அடுத்த மாதமே தனிச் சட்டம் வந்தது. வேட்டிக்கு மவுசு கூடியதில் சினிமாவுக்கு எவ்வளவு பங்கு, அந்தக் கிளப் வாசல் சண்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒட்டிக்கோ வேட்டிக்கும் பங்குண்டு, அவிழ்ந்து விழும் பயம் போனது சின்ன விஷயமா?

‘மங்காத்தா’ 2011. அஜித் நரைத்த முடியோடு வந்தார். என் மாமா அதுவரை மாதம் தவறாமல் டை அடித்தவர், நிறுத்திவிட்டார். இதைவிட மலிவான ஃபேஷன் கிடையாது, செலவு குறைந்தது.

ஆனால் ‘கபாலி’யை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காந்தி சட்டையைத் துறந்ததற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் வேறு வேறு என்று அதில் ரஜினி பேசுகிறார். காந்தி துறந்தது நம் மதுரையில்தான், 1921 செப்டம்பரில். எங்கள் ஊரில் சில பையன்கள் தங்கள் கல்யாணத்துக்குக் கோட்டு தைத்தபோது அந்தப் படத்தைச் சொல்லித்தான் தைத்தார்கள். “இவனுக்கெல்லாம் எதுக்குக் கோட்டு” என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். விலைக்கோ துணி அளவுக்கோ அதில் இடமில்லை. ஜூன் வெயிலில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு போட்டார்கள்.

கோவை_கவி

கரைவேட்டி, கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். மலிவாக இருந்தால் வரும் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். செலவு செய்து, கஷ்டப்பட்டு, பேச்சு வாங்கியும் சில உடைகள் வரும் போலிருக்கிறது.

மாநிறம்

பேச்சு வாங்குவதைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். ‘96’ பார்த்துவிட்டு மஞ்சள் குர்தா கேட்டு ஒரு கடைக்குப் போனேன். விற்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு “உங்களுக்கு எடுக்காதுக்கா, மெரூன் பாருங்க” என்றாள். எடுக்காதாம்! எங்கள் பாட்டிமார் மஞ்சள் பூசிக் குளித்த ஊர் இது, வயலில் வேலை செய்த பெண்கள் அரக்கும் மஞ்சளும் கட்டிய ஊர். திரையில் வருகிற நிறம் எப்போதும் சிவந்த தோலின் மேல் வந்தால் அது அந்தத் தோலுக்கு உரியது என்று கடைக்காரர்களே நம்பிவிடுகிறார்கள்.

அதே ‘பிரேமம்’ படத்தில் மலர் டீச்சர் முகத்தில் பருவோடு, ஏறக்குறைய மேக்கப் இல்லாமல் வந்தாள். சென்னையிலும் அந்தப் படம் விடாமல் ஓடியது. சாய் பல்லவி கட்டிய சேலைகளை எங்கள் விடுதியில் எல்லா நிறத்துப் பெண்களும் கட்டினார்கள், யாரும் யாரையும் “எடுக்காது” என்று சொல்லவில்லை. என் கணக்கில் அவள் சேலையைவிட அந்தப் பருதான் பெரிய ஃபேஷன்.

குர்தாவை நான் வாங்கினேன், அந்தக் கடையில் இல்லை.

எதிர்க்கேள்வி

மாநிறம், இதற்கு என்னிடம் எதிர்க்கேள்வி இல்லை.

புதுப்பெண்_ஆவணி

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், மன்னிக்கவும். டெய்லர் அண்ணா, என் நிச்சயதார்த்தச் சேலையில் 80 செ.மீ. ஜாக்கெட் துணிதான் வந்திருக்கிறது. எனக்குப் பஃப் கை வேண்டும், மார்பளவு 40. வழி உண்டா?

புதுமண்டபம்_டெய்லர்

உண்டும்மா. உடம்புப் பாகத்துக்கு அந்தத் துணியை முழுசாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைக்கு அதே நிற நெட் துணியோ ஆர்கன்சாவோ அரை மீட்டர் தனியாக வாங்குங்கள். சேலைக் கரையை மட்டும் கையின் ஓரத்தில் பட்டியாகப் பிடித்தால் தனித் துணி என்று தெரியாது. சேலையின் உள்முனையில் கொஞ்சம் வெட்டி எடுப்பவர்களும் உண்டு. ஆனால் நீங்கள் உயரம் என்றால் அது வேண்டாம், கொசுவம் குறைந்துபோகும். துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள், பட்டு என்றால் நனைக்காதீர்கள். அளவு ஜாக்கெட் சமீபத்தில் தைத்ததாக இருக்கட்டும், கல்லூரிக் காலத்தது வேண்டாம்.